கோழிச் சீட்டு

லீமா நகரின் தெற்கு மேடு. தண்ணீர் லாரி
நூற்றுப் பதினான்காவது படியோடு நின்றுவிடும்.
அதற்கு மேல் ரப்பர் குழாய்,
அதற்கும் மேல் நான்.

துணி அலசிய தண்ணீர்
தரை துடைக்கும், பிறகு கழிப்பறைக்குப் போகும்.
"நம் வீட்டில் தண்ணீர்கூட ஓவர்டைம் பார்க்கிறது"
என்பார் ஆபிலியோ.
மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார்.
அவருக்கு ஓவர்டைம் கிடையாது.

ஃபிரிட்ஜும் சும்மா இருந்ததில்லை.
மாம்பழக் கூழ், ஊதாச் சோளச் சாறு,
நீளப் பையில் ஊற்றி முடிச்சிட்டு உறைய வைத்தால்
ஒன்று ஒரு சோல்.
இந்த ஊரில் அதற்குப் பெயர் செவ்வாய்க்கிரகவாசி.
ஏனென்று கேட்காதீர்கள்.
கதவில் அட்டை மாட்டியிருந்தேன்:
'செவ்வாய்க்கிரகவாசிகள் உள்ளே இருக்கிறார்கள்.'
ஜெஃபர்சனின் பள்ளிக்கூட ஷூ
அவர்கள் வாங்கித் தந்தது.

ஏப்ரலில் மோட்டார் செத்தது.
மெக்கானிக் கேட்டது நானூற்று எண்பது.
தகர டப்பாவில் அறுபத்திரண்டு நாணயம்,
அதில் ஒன்று அர்ஜென்டினாவுடையது.

உடனடிக் கடன், தினசரி வசூல் என்று
கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பரை
ஆபிலியோ இரண்டு தடவை பார்த்தார்.
நான் அச்சகத்துக்குப் போனேன்.

நூறு சீட்டு.
'மாபெரும் கோழி விருந்து. ஞாயிறு பகல் பன்னிரண்டு.
தட்டு பதினைந்து சோல். காரணம்: உடல்நலம்.'
யாருடைய உடல் என்று போடவில்லை.

ஐந்து வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன்.
செபெரினா, கணவருக்குக் குடலிறக்கம், இரண்டு தட்டு.
சோராய்டா, கூரைத் தகரம், ஒரு தட்டு.
டிபுர்சியோ, அப்பாவின் சவப்பெட்டி, மூன்று தட்டு,
உருளைக்கிழங்கு வேகவில்லை.
வைத்த மொய்யைக் கேட்டு வாங்குவது அசிங்கம்.
நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சீட்டு விற்கப் போவது
அசிங்கமில்லை.

சனிக்கிழமை இரவுதான் உறைத்தது:
ஃபிரிட்ஜ் இல்லாதவள்
இருபத்தைந்து கோழியை எங்கே வைப்பாள்?
செபெரினா வீட்டில் பத்து,
சோராய்டா வீட்டில் எட்டு,
மருந்துக்கடைக்காரர், கையெழுத்து வாங்கிக்கொண்டு, நான்கு.
மூன்று கோழி ஐஸ் வாளியில், என் கட்டிலடியில்.
இரவெல்லாம் மிளகாய் விழுது மணந்தது.
ஜெஃபர்சன் தூக்கத்தில் தும்மினான்.

ஞாயிறு, தூறல்.
இங்கே மழை பெய்யாது, வானம் வியர்க்கும்.
புகை மேலே போக மனமில்லாமல்
வரிசையில் நின்றவர்களோடு நின்றது.
டிபுர்சியோ இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு
"உருளைக்கிழங்கு வெந்திருக்கிறது"
என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

பதினேழு சீட்டு
மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.
கோழியில் நின்றது முந்நூற்று இருபது.
பீரில் நூற்று இருபத்தைந்து,
ஆபிலியோ குடித்தது போக.
டப்பாவின் அறுபத்தொன்றையும் சேர்த்து
மெக்கானிக்கிடம் எண்ணிக் கொடுத்தேன்.
மிச்சம் இருபத்தாறு.

அதில் ஒரு இருபது சோல் தாள்.
ஓரத்தில் நீல மையில் சின்னதாய் ஒரு கூட்டல் கணக்கு.
என் கையெழுத்து.
சவப்பெட்டிக்கு நான் கொடுத்த தாள்.
எத்தனை கூரை ஏறி,
எத்தனை வயிறு தைத்து
வந்திருக்கிறது, பாவம்,
மூலையில் ஒரு கிழிசலோடு.

திங்கள் காலை கதவு தட்டும் சத்தம்.
டிபுர்சியோ. கையில் சீட்டுக் கட்டு.
மகளுக்குப் பல் கட்டவேண்டுமாம்.
இரண்டு தட்டு, முப்பது சோல்.
நோட்டை அவரும் வைத்திருந்தார்,
கக்கத்தில்.

தாளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.
ஆறு சில்லறையும் கொடுத்தேன்.
நான்கு குறைந்தது.

உள்ளே மோட்டார் இருமி, செருமி,
ஓட ஆரம்பித்திருந்தது.

"புதன்கிழமை வாருங்கள்," என்றேன்,
"நான்கு செவ்வாய்க்கிரகவாசிகள் தருகிறேன்.
மாம்பழமா, சோளமா?"